நம் வளாகத்தில் ஏர் ரைஃபிள் ரேஞ்ச் வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு சர்ஜாபூர் சாலைப் பக்கம் உள்ள நம் வளாகத்தில் மூன்று குடியிருப்புக் கோபுரங்கள். முன்னால் கடைகளும் அலுவலகங்களும் உள்ள நான்கு மாடி வணிகக் கட்டிடம். அதன் இரண்டாம் தளத்தில் காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டலுக்கான 10 மீட்டர் பயிற்சி மையம் திறக்க, அந்த இடத்தின் உரிமையாளர் அசோசியேஷனிடம் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், கேட்டிருக்கிறார். ஜெனரல் பாடி கூடுவதற்குள் வளாகத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலர் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில்களைத் தொகுத்திருக்கிறோம். எங்கள் நிலை இது: சில நிபந்தனைகளை எழுதி வாங்கிக்கொண்டு அனுமதிக்கலாம். அந்த நிபந்தனைகளில் ஈயத் தூசிதான் முதலில் வர வேண்டும். குண்டு பாயும் என்ற பயம் அதற்குப் பிறகுதான்.

துப்பாக்கின்னா போலீஸ் லைசென்ஸ் வேணும்ல? இவங்க எப்படி லைசென்ஸ் இல்லாம நடத்த முடியும்?

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளை விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவைத் தாண்டாமலும் இருக்கும் ஏர் கன்னுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. இரண்டில் எது தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். போட்டிக்குப் பயன்படும் 10 மீட்டர் ரைஃபிள்கள் ஏறத்தாழ 8 ஜூலிலும், பிஸ்டல்கள் 6 ஜூலிலும் வேலை செய்பவை.

ஆகவே இந்த மையத்தை ஆயுத லைசென்ஸ் என்ற வாசலில் நிறுத்தி வைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லாததால்தான் அசோசியேஷன் எழுதி வாங்கும் நிபந்தனைகளுக்கு இத்தனை முக்கியத்துவம்.

அப்படின்னா இது பொம்மைத் துப்பாக்கி மாதிரிதானே? ஏன் இவ்வளவு கலாட்டா?

பொம்மை இல்லை. பெல்லட் என்பது உடுக்கை போல இடுப்பு சுருங்கிய ஒரு சின்ன ஈயத்துண்டு. தலைப்பக்கம் தட்டையாக இருக்கும். அப்போதுதான் காகித இலக்கில் விளிம்பு கிழியாமல் வட்டமாகத் துளை விழும். எடை அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், சுமார் 0.53 கிராம். ரைஃபிளிலிருந்து நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் புறப்படும். ஓங்கி எறிந்த கிரிக்கெட் பந்தில் இதைவிடப் பல மடங்கு ஆற்றல் உண்டு. ஆனால் இங்கே மொத்த ஆற்றலும் 4.5 மில்லிமீட்டர் அகலத்தில் இறங்குகிறது. தோலைத் துளைக்கும், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

மறுபக்கம், இது ஒலிம்பிக் விளையாட்டு. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2024 பாரிஸில் மனு பாக்கர் தனிநபர் பிரிவில் வெண்கலம் வென்றதும் இந்தப் பத்து மீட்டர் பிரிவுகளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிள்காரர்தான். ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையைத் தொட்டு எடுத்தால் விழும் புள்ளி அளவு. மூச்சையும் கையையும் அடக்கிச் செய்கிற வேலை இது. அந்தக் கூடத்தில் ஆர்ப்பாட்டத்துக்கு இடமில்லை.

சுவரைத் துளைச்சுக்கிட்டு வெளிய வந்துடாதா?

8 ஜூல் பெல்லட் செங்கல் சுவரையோ சாலிட் பிளாக் சுவரையோ துளைக்காது. ஆனால் மெல்லிய கண்ணாடியை உடைக்கும். ஜிப்சம் போர்டையும் ஃபால்ஸ் சீலிங்கையும் நம்பக் கூடாது. எனவே பார்க்க வேண்டியது, இலக்கு எந்தச் சுவர்ப் பக்கம் இருக்கிறது என்பதை. நம் கட்டிடத்தில் சாலைப்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பின்பக்கம் எட்டு அங்குல சாலிட் பிளாக். சுடுபவரின் முதுகு கண்ணாடிப் பக்கமும் இலக்கு பின்சுவர்ப் பக்கமும் இருந்தாக வேண்டும். பின்சுவரில் ஜன்னலோ ஏசி துளையோ இருந்தால் அதை பிளாக் வைத்துக் கட்டி மூட வேண்டும். பிளைவுட் அடித்து மூடுவது போதாது.

ஒவ்வோர் இலக்குக்கும் பின்னால், பெல்லட்டைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும் சாய்வான இரும்புத் தகட்டுப் பெட்டி இருக்கும். 3 மில்லிமீட்டர் தகடு தாராளம். அதற்கும் பின்னால், சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, கனமான துணித்திரை தளர்வாகத் தொங்க வேண்டும். குறி தவறியது அதில் பட்டு வேகம் இழந்து கீழே விழும். இழுத்துக் கட்டிய திரை இந்த வேலையைச் செய்யாது.

உள்ளே இருப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து துளைப்பதில் இல்லை, திரும்பி வருவதில்தான். ஈயம் மென்மையானது, தகட்டில் பட்டதும் நசுங்கிவிடும். ஸ்டீல் பிபி உருண்டை நசுங்காமல் சுட்டவரை நோக்கியே திரும்பும். ஆகவே தட்டைத்தலை ஈயப் பெல்லட் தவிர வேறெதுவும் உள்ளே வரக் கூடாது.

அந்தக் கடைல இதுக்கு இடம் பத்துமா?

நீளம் 17 மீட்டர், அகலம் 13 மீட்டர், ஏறத்தாழ 2,380 சதுர அடி. சுடுகோட்டிலிருந்து இலக்குக்கு 10 மீட்டர். இலக்குக்குப் பின்னால் திரைக்கும் ஆள் போய்ச் சுத்தம் செய்வதற்கும் 2 மீட்டர். மிச்சம் 5 மீட்டரில் பயிற்சியாளர், நாற்காலி, லாக்கர். பத்தும்.

உரிமையாளர் தந்த வரைபடத்தில் 12 லேன் (ஒருவர் நின்று சுடும் வரிசை) போட்டிருக்கிறது. சர்வதேச விதி ஒரு லேனுக்குக் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் கேட்கிறது. கணக்குக்கு 12 வரும். ஆனால் கூடத்தின் நடுவில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. சுடுகோட்டுக்கு மூன்றரை மீட்டர் முன்னால், நேர் வழியில். தூண் விழும் லேனை எடுத்துவிட வேண்டும். தூணின் சுடுபவரைப் பார்க்கும் முகத்துக்கும் இரு பக்கங்களுக்கும் ரப்பரோ மரமோ பொதிய வேண்டும். ஆகப் பத்து லேன்தான். 12 என்று எழுதிய வரைபடத்துக்கு என்ஓசி தரக் கூடாது.

கதவு ஒன்றே ஒன்று, அதுவும் சுடுகோட்டுக்குப் பின்னால். இலக்குப் பக்கம் சர்வீஸ் கதவு தேவைப்பட்டால் உள்ளிருந்து மட்டும் திறக்கும் தாழ் போட்டு, அது திறந்தால் கூடத்தில் சிவப்பு விளக்கு எரியும்படி செய்ய வேண்டும். அவசர வெளியேற்றத்தைப் பற்றித் தீயணைப்புத் துறை சொல்வதே இறுதி. அதற்கு ஏற்பத்தான் லேன் வரிசை அமைய வேண்டும்.

நாள் முழுக்க டப் டப்னு சத்தம் வந்தா என்ன பண்றது? எங்க மாமனாருக்குத் தூக்கமே கம்மி.

வெடிமருந்து இல்லாததால் வெடிச்சத்தம் இல்லை. ரைஃபிளில் காற்று வெளியேறும் ‘டப்’, பிறகு தகட்டில் பெல்லட் படும் ‘டிக்’. பக்கத்தில் நின்றால், கேரம் காய் சட்டத்தில் மோதுவதைவிடக் கொஞ்சம் கனமான சத்தம். காற்று வழியாக அது கோபுரங்களுக்கு எட்டாது. அதே கட்டிடத்தின் மேல்மாடி, கீழ்மாடி, அடுத்த கடை, இவற்றுக்குத்தான் தொல்லை வரும். அதுவும் கட்டிடத்தின் வழியாக. பெட்டியைச் சுவரில் நேரடியாக போல்ட் அடித்தால் ஒவ்வொரு ‘டிக்’கும் ஸ்லாப் முழுக்க ஓடும். பெட்டிகளைத் தரையில் தனிச் சட்டத்தில், ரப்பர் பேடின் மேல் நிறுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. நம் நிபந்தனை இதைவிடக் கடுமையாக இருக்கட்டும்: காலை 7 முதல் இரவு 8 வரை மட்டும், அளவீடு குடியிருப்பு வரம்பின்படி. காற்று நிரப்பும் கம்ப்ரசரை இந்தத் தளத்தில் வைக்கவே கூடாது. மொத்த ரேஞ்சிலும் அதிகச் சத்தம் போடும் பொருள் அதுதான்.

ஈயம் ஈயம்னு சொல்றீங்களே, வெடிமருந்து இல்லாத துப்பாக்கில ஈயம் எங்கேர்ந்து காத்துல வரும்?

நல்ல கேள்வி. வெடிமருந்துத் துப்பாக்கியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரிலிருந்தும் ஈயப்புகை வரும். இதில் அது இல்லை. அதனால் காற்றில் கலக்கும் அளவு மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு பெல்லட்டும் தகட்டில் மோதி நசுங்கும்போது துகள் உதிர்கிறது. பெட்டியைச் சுற்றியுள்ள தரையிலும் திரையிலும் சாம்பல் நிறத் தூசியாக அது படியும். பெல்லட்டை எடுத்துப் போடும் விரல்களிலும் கறுப்பாக ஒட்டும்.

அளவைப் பாருங்கள். பத்து லேன், ஒரு லேனுக்கு நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு 60 குண்டு என்றால் 2,400 பெல்லட்; 1.27 கிலோ ஈயம். மாதம் 25 நாளுக்கு 32 கிலோ. பெரும்பகுதி பெட்டியிலேயே துண்டாகக் கிடக்கும், தூசியாவது கொஞ்சம்தான். ஆனால் குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும்.

எனவே விளக்குமாறு அந்தக் கூடத்துக்குள் நுழையவே கூடாது. பெருக்கினால் தரையில் கிடக்கும் தூசி மூக்குக்கு வந்துவிடும். சாதாரண வேக்யூம் கிளீனரும் ஆகாது. நுண்தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும். நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்யூம், பிறகு ஈரத் துடைப்பு, அந்தத் துடைப்பான் அந்த அறைக்கு மட்டும். சுடுகோட்டுக்கு முன்னால் கார்ப்பெட் போடக் கூடாது. உள்ளே சாப்பாடு, டீ, தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். வெளியே வரும்போது சோப்புப் போட்டுக் கை கழுவ வாசலிலேயே வாஷ்பேசின் வேண்டும். சானிடைசர் ஈயத்தை எடுக்காது.

இதில் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர் சுடுபவர் இல்லை. மாலையில் சுத்தம் செய்ய வரும் ஊழியர். நம் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் மூன்று கோபுரங்களுக்கும் அதே துடைப்பத்தைத்தான் கொண்டுபோகிறார்கள். அவர்களை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மையம் தன் ஆளை வைத்து, கையுறையும் என்95 மாஸ்க்கும் கொடுத்து, வருடம் ஒருமுறை அவருக்கும் பயிற்சியாளருக்கும் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கட்டும். சுத்தம் செய்யும் முறையைக் கன்னடத்திலும், அந்த ஊழியர் படிக்கும் மொழியிலும் எழுதி ஒட்டட்டும்.

கீழ் ஃப்ளோர்ல ப்ளே ஸ்கூல் இருக்கே, அதுக்கு மேல இதா?

ஒரு மாடி இடைவெளியும் முழு கான்கிரீட் ஸ்லாபும் இருப்பதால் பெல்லட் பற்றிக் கவலை இல்லை. மேலே சொன்ன தூசிதான் கவலை. அது ஸ்லாபைத் துளைத்து இறங்காது. ஏசி குழாய் வழியாக, செருப்பில், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் இறங்கும்.

ஆகவே ரேஞ்சுக்குத் தனி ஏசி. காற்று சுடுபவரின் முதுகுப் பக்கம் நுழைந்து இலக்குப் பக்கம் வெளியேற வேண்டும். வெளியேறும் இடத்தில் ஃபில்டர் இருக்க வேண்டும். அந்த எக்ஸாஸ்ட்டின் வாய் பின்பக்க முற்றத்தைப் பார்த்து இருக்கவே கூடாது, ஏனென்றால் மாலையில் பிள்ளைகள் விளையாடுவது அங்கேதான். மொட்டைமாடி வரை குழாய் ஏற்ற வேண்டும். ப்ளே ஸ்கூலின் கழிப்பறையும் படிக்கட்டும் பொதுவாக இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் எங்கள் பதில் ‘வேண்டாம்’.

ஏர் சிலிண்டர் வெடிக்குமாமே?

உள்ளே இருப்பது வெறும் காற்று, எரியாது. ஆனால் 200 பார் அழுத்தம், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல சுமார் நூறு மடங்கு. ரைஃபிளில் பொருத்தும் சின்ன சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருட ஆயுள் தருகிறார்கள். தேதி அதன் மேலேயே இருக்கும். பழைய ரைஃபிளைக் கைமாற்றி வாங்குபவர்கள் இதைப் பார்ப்பதில்லை. தேதி கடந்ததை உள்ளே விடக் கூடாது. நிரப்பும் பெரிய சிலிண்டரில் ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) தேதி குத்தப்பட்டிருக்க வேண்டும், சங்கிலியால் சுவரோடு கட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். மெதுவாக நிரப்ப வேண்டும். வேகமாக ஏற்றினால் சூடாகும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் நிரப்புவதுதான் உயிருக்கு ஆபத்து: எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெடிக்கும்.

பேஸ்மென்ட்ல வெச்சுட்டா யாருக்கும் தொல்லை இல்லையே?

பிளானில் பார்க்கிங் என்று அனுமதி வாங்கிய பேஸ்மென்ட்டில் வியாபாரம் நடத்துவது விதிமீறல். காற்றோட்டமும் அங்கே மோசம். ஈயத் தூசிக்கு மிகத் தவறான இடம்.

லிஃப்ட்ல துப்பாக்கியோட ஒருத்தர் ஏறினா குழந்தைங்க பயந்துட மாட்டாங்களா?

பயப்படும். பார்க்க நிஜத் துப்பாக்கி போலத்தான் இருக்கும். எனவே வளாகத்துக்குள் நுழைவதிலிருந்து ரேஞ்ச் கதவு வரை பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். பெட்டியை ரேஞ்சுக்குள், குழாய் இலக்குப் பக்கம் பார்த்தபடிதான் திறக்க வேண்டும். குண்டு இல்லை என்று காட்ட, குழாய் வழியே நுழைத்த பளிச்சென்ற நிறக் கொடி சுடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இருக்க வேண்டும். குடியிருப்புக் கோபுர லிஃப்ட் வழியே வரக் கூடாது. வணிகக் கட்டிடத்துக்குத் தனி வாசல் இருக்கிறது. மையத்தின் துப்பாக்கிகள் இரவில் சுவரில் போல்ட் அடித்த இரும்பு அலமாரியில், வரிசை எண் பதிந்த ரெஜிஸ்டரோடு இருக்கட்டும்.

ஜெனரல் பாடில ‘வேண்டாம்’னு ஓட்டுப் போட்டா முடிஞ்சதா?

அவ்வளவு எளிதில்லை. இடத்தை விலை கொடுத்து வாங்கியவருக்கு, சட்டம் அனுமதிக்கும் தொழிலை நடத்தும் உரிமை உண்டு. வெறும் பிடிக்காமையை வைத்துத் தடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. முதலில் பார்க்க வேண்டியவை: ஆக்குபன்சி சர்டிஃபிகேட்டில் அந்தத் தளம் எந்தப் பயன்பாட்டுக்கு, 2015 மாஸ்டர் பிளானில் நம் இடம் எந்த மண்டலம், சேல் டீடிலும் டீட் ஆஃப் டிக்ளரேஷனிலும் தடை செய்யப்பட்ட தொழில்கள் எவை. அசோசியேஷன் எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதும் முக்கியம். 1972ஆம் ஆண்டின் கர்நாடக அப்பார்ட்மென்ட் உரிமைச் சட்டம் குடியிருப்புக்காக எழுதப்பட்டது. கடைகளும் கலந்த வளாகத்துக்கு அது பொருந்துமா என்பது நீதிமன்றம் வரை போன விஷயம்.

ஆனால் பொதுப்பகுதி நம் கையில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய், மொட்டைமாடி, படிக்கட்டு, ஜெனரேட்டர் இணைப்பு, முகப்பில் பெயர்ப்பலகை என்று எதைத் தொட்டாலும் அசோசியேஷன் சம்மதம் வேண்டும். பில்டர் இன்னும் ஒப்படைக்காத நிலையில் அவரே பொதுப்பகுதியை மாற்றினால், 2016ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 14ஆம் பிரிவு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் எழுத்துச் சம்மதம் கேட்கிறது. தனி எக்ஸாஸ்ட் இல்லாமல் இந்த மையம் நடக்க முடியாது என்பதால், நிபந்தனை போடும் இடம் அதுதான்.

ஏர் கன்னுன்னு ஆரம்பிச்சு அப்புறம் .22 கொண்டு வந்துட்டா?

.22 வெடிமருந்துத் துப்பாக்கி. ஆற்றல் சுமார் 140 ஜூல், ஏர் ரைஃபிளைப்போல 17, 18 மடங்கு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் வரும், பெங்களூரில் போலீஸ் கமிஷனரின் லைசென்ஸ் வேண்டும். போட்டிக்கு 25 மீட்டரோ 50 மீட்டரோ தூரம் தேவை. 17 மீட்டர் கூடத்தில் அதற்கு வழியே இல்லை. எனவே இந்தப் பயம் கொஞ்சம் அதிகம்.

நடக்கக்கூடிய மீறல் வேறு. 4.5 மில்லிமீட்டரே இருந்து, 20 ஜூல் அளவை ஒட்டி அடிக்கும் துப்பாக்கியை யாராவது ‘சும்மா டெஸ்ட் பண்ண’ கொண்டு வருவது. லைசென்ஸ் இல்லாமலே சட்டப்படி வைத்திருக்கலாம், ஆனால் இந்தப் பெட்டியும் திரையும் அதற்காகப் போட்டவை இல்லை. அதனால் என்ஓசியில் ‘ஏர் கன் மட்டும்’ என்று எழுதினால் போதாது. ‘10 மீட்டர் போட்டித் தர ரைஃபிள், பிஸ்டல் மட்டும், 4.5 மில்லிமீட்டர், 10 ஜூலுக்குள்’ என்று எண்ணோடு எழுதுங்கள்.

எங்க பொண்ணுக்குப் பத்து வயசு, சேர்க்கலாமா?

பிஸ்டலையோ ரைஃபிளையோ தாங்கி நிற்கும் தோளும் முதுகும் இருக்கிறதா என்று பயிற்சியாளர் பார்க்கட்டும். போட்டி ரைஃபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம்; சின்ன உடம்பில் அந்த எடை இடுப்பை வளைத்து, முதுகுவலியாக நிற்கும். ஆரம்பத்தில் ஸ்டாண்டில் தாங்கிச் சுடவைப்பார்கள், அது சரியான முறை. வீட்டுக்கு வந்ததும் கை கழுவி, உடை மாற்றச் சொல்லுங்கள். காரணம் ஈயம் பற்றிய பதிலில் இருக்கிறது.

வீட்டு விலை இறங்கிடுமா?

வாங்குபவரின் வங்கி வக்கீல் பார்ப்பது ஆக்குபன்சி சர்டிஃபிகேட்டையும் விதிமீறல் நோட்டீஸ்களையும்தான். ஒழுங்கான அனுமதியோடு நடக்கும் மையத்தால் அதில் சிக்கல் வராது.

எல்லாம் எழுதி வாங்கிட்டோம், ஆறு மாசம் கழிச்சு மீறினா?

மீறலை நிரூபிக்கும் வழியையும் என்ஓசியிலேயே எழுதி வைக்க வேண்டும். திறக்கும் முன்பே ப்ளே ஸ்கூல் வாசல், இரண்டாம் தள நடைபாதை, பின்முற்றத்து பெஞ்ச் ஆகிய மூன்று இடங்களில் ஈயத் துடைப்புச் சோதனை ஒன்றை லேபில் செய்து வையுங்கள். குறித்த பரப்பை ஈரத்துணியால் துடைத்து அனுப்பினால் ஈய அளவு தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடங்களில் திரும்பச் செய்யுங்கள், செலவு மையத்துடையது. பெட்டியிலிருந்து எடுத்த ஈயத்தை எடை போட்டு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுத்த ரசீதையும் கேளுங்கள். பெல்லட் வாங்கிய கணக்கோடு அது பெரிதாக ஒத்துப்போகாவிட்டால் மிச்ச ஈயம் எங்கே என்று கேட்கலாம்.

மீறினால் எழுத்தில் நோட்டீஸ், சரிசெய்ய ஏழு நாள், பிறகு என்ஓசி ரத்து. மின்சாரத்தையோ தண்ணீரையோ அசோசியேஷன் தானாக நிறுத்தக் கூடாது. அப்போது தவறு நம் பக்கம் வந்துவிடும். ட்ரேட் லைசென்ஸ் பற்றிய புகார் மாநகராட்சிக்கு: 2025 செப்டம்பரில் பிபிஎம்பி (பழைய பெங்களூரு மாநகராட்சி) ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டதால், நம் வார்டு எதில் வருகிறது என்று பார்த்து அங்கே கொடுக்க வேண்டும். ஈயக் கழிவும் சத்தமும் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. வரம்பை மீறிய துப்பாக்கி உள்ளே வந்ததாகத் தெரிந்தால் ஏழு நாள் காத்திருக்காமல் அன்றே போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.